ஜி13 ஏன் நசநசக்கிறது? டாமினன்ட் கார்டுகளில் பிழை தேடும் வழி

பாட்டுத் தாளில் ஜி7 என்று இருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை. யாரோ அதை அடித்துவிட்டு ஜி13 என்று எழுதிக் கொடுத்த நாளில்தான் வம்பு ஆரம்பம். புத்தகத்தில் போட்டபடி ஏழு சுரத்தையும் அமுக்கினால் சந்தைக்கடை இரைச்சல். பயந்துபோய் நாலைந்தை விட்டுவிட்டால் வெறும் மேஜர் கார்டு. நடுவில் எதையாவது விட்டால் ஒருநாள் நன்றாக இருக்கிறது, மறுநாள் அதே இடத்தில் பல் கூசுகிறது.

இதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் காதில் என்ன கேட்கிறதோ அந்த அறிகுறியைப் பார்த்து அங்கே போங்கள். கீபோர்டு எதிரே இருக்கட்டும், வாசித்துப் பார்க்காமல் இதில் ஒன்றும் புரியாது. உதாரணங்களைப் பெரும்பாலும் சி மேஜரிலும் அதன் டாமினன்டான, அதாவது ஐந்தாம் சுரமான, ஜி-யிலும் வைத்திருக்கிறேன். வெள்ளைக்கட்டையிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் ஒரு சோதனை, எல்லோருக்கும் பொது. ஜி7 என்றால் ஜி, பி, டி, எஃப். இதில் இடது கையில் ஜி-யை மட்டும் பிடித்து, வலது கையில் எஃப்-பையும் அதற்கு மேலே உள்ள பி-யையும் மட்டும் வாசியுங்கள். அப்புறம் எஃப் ஒரு கட்டை கீழே ஈ-க்கு இறங்கட்டும், பி ஒரு கட்டை மேலே சி-க்கு ஏறட்டும், பாஸ் சி-க்குப் போகட்டும். வீட்டுக்குள் நுழைந்தது போல இருக்கிறதா? டாமினன்ட் கார்டின் உயிர் அந்த இரண்டு சுரத்தில்தான் இருக்கிறது. 9, 11, 13 (ஜி-யை 1 என்று வைத்து எண்ணினால் வரும் இடங்கள்) எல்லாம் அதன் மேல் பூசுகிற வண்ணம். கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்கு: ஜி-யை ச என்று வைத்தால் பி அந்தர காந்தாரம், எஃப் கைசிகி நிஷாதம். 9, 11, 13 என்பவை மேல் ஸ்தாயியின் ரி, ம, த. அதாவது ஏ, சி, ஈ. ஏழும் சேர்ந்தால் 28ஆம் மேளமான ஹரிகாம்போதியின் சுரங்கள் கிடைக்கும். கார்டு ராகமாகிவிடாது, ஆனால் சுரங்களின் இடம் மனதில் நிற்க இது போதும்.

அறிகுறி: அழகாக இருக்கிறது, ஆனால் எங்கும் இழுக்கவில்லை

நிஷாதம், அதாவது 7, காணாமல் போயிருக்கிறது, அல்லது தவறான நிஷாதம் வந்து உட்கார்ந்திருக்கிறது. பெயரைப் படிப்பதில் வரும் பிழை இது. சி9 என்றால் சி, ஈ, ஜி, பி ஃபிளாட், டி. நிறையப் பேர் சி, ஈ, ஜி, டி என்று வாசித்துவிட்டு அதுதான் சி9 என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சி ஆட்9. கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் அதற்கு எங்கும் போக வேண்டிய அவசரம் இல்லை. பி ஃபிளாட்டுக்குப் பதிலாக பி வந்தால் அது சி மேஜர்9, அது ஏற்கெனவே வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிற கார்டு.

எண் மட்டும் தனியாக நின்றால், 9 ஆனாலும் 11 ஆனாலும் 13 ஆனாலும், உள்ளே ஃபிளாட் 7 இருந்தே ஆக வேண்டும். ஜி6-க்கும் ஜி13-க்கும் உள்ள வித்தியாசமும் இதுதான்: ஈ இரண்டிலும் உண்டு, எஃப் இருந்தால்தான் 13. ஈ எந்த ஸ்தாயியில் இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம். எஃப் இருக்கிறதா என்று விரலைப் பாருங்கள், முடிந்தது.

அறிகுறி: கலங்கலாக, நசநசவென்று கேட்கிறது

வருகிற புகார்களில் பாதி இதுதான். காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான்: இடது கை கீழே கிடந்து முழு கார்டையும் அமுக்குகிறது. ஹார்மோனியத்தில் பழகிய கைக்கு இது லேசில் போகாத பழக்கம், எனக்கும் போக வருஷங்கள் ஆயின. தாழ்ந்த இடத்தில் அருகருகே இருக்கும் சுரங்களைக் காதால் பிரித்து வாங்க முடிவதில்லை. நடு சி-யிலிருந்து ஒரு ஸ்தாயி கீழே போய்விட்டால் அங்கே ரூட் (கார்டுக்குப் பெயர் தரும் சுரம்), வேண்டுமானால் அதன் 5, அல்லது 7. அதற்குமேல் வேண்டாம்.

அடுத்து, எதைக் கைவிடுவது என்று பார்க்கலாம். முதலில் 5 போகட்டும். ஜி13-இல் டி இல்லை என்று எந்த ரசிகரும் கவலைப்படப் போவதில்லை. 11-ஐயும் தூக்கிவிடுங்கள், ஏன் என்பதைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன். பாஸ் கிட்டார் வாசிப்பவர் கூட இருந்தால் ரூட்டையும் அவரிடமே விட்டுவிடலாம். மிஞ்சுவது எஃப், ஏ, பி, ஈ. நாலே விரல்.

இந்த நாலு விரலைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம், பலன் அதிகம். நடு சி-க்குக் கீழே உள்ள எஃப்-பில் தொடங்கி எஃப், ஏ, சி, ஈ என்று பிடியுங்கள். பாஸில் டி இருந்தால் இது டி மைனர்9. இப்போது சி-யைப் பிடித்திருக்கும் விரலை மட்டும் ஒரு கட்டை இறக்கி பி-க்குக் கொண்டுவாருங்கள், பாஸ் ஜி-க்கு மாறட்டும். எஃப், ஏ, பி, ஈ: ஜி13 வந்துவிட்டது. மூன்று விரல் அசையவே இல்லை. அடுத்து எஃப் ஈ-க்கும், ஏ ஜி-க்கும், மேலே உள்ள ஈ டி-க்கும் இறங்கட்டும், பி அங்கேயே இருக்கட்டும். ஈ, ஜி, பி, டி, பாஸில் சி: சி மேஜர்9. கை ஓரங்குலம் கூட நகராமல் மூன்று கார்டு முடிந்தது. ஏ-யும் பி-யும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றனவே, இது நசநசக்காதா என்று கேட்பீர்கள். அந்த உயரத்தில் நசநசக்காது, மொறுமொறுப்பாக இருக்கும். அதையே ஒரு ஸ்தாயி கீழே வாசியுங்கள், கூழாகிவிடும்.

கிட்டார்காரர்களுக்கு ஆறு கம்பிதான், ஏழு சுரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆறாம் கம்பியில் 3ஆம் ஃபிரெட் ஜி, ஐந்தாம் கம்பியை விரலால் தொட்டு ஊமையாக்குங்கள், நாலாம் கம்பியில் 3 எஃப், மூன்றாம் கம்பியில் 4 பி, இரண்டாம் கம்பியில் 5 ஈ. முதல் கம்பியைத் தொட வேண்டாம். இதில் 9 கூட இல்லை, இருந்தும் யார் கேட்டாலும் ஜி13 என்றுதான் சொல்வார்கள். மற்ற விரல்களை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டாம் கம்பியில் மட்டும் 5ஆம் ஃபிரெட்டை 4ஆக்கினால் ஜி7 ஃபிளாட்13, 3ஆக்கினால் சாதாரண ஜி7. இந்த ஒரு ஃபிரெட் வித்தியாசத்தை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அறிகுறி: ஆட்டோ அக்கம்பனிமென்ட் போட்டால் பாஸ் வேறெங்கோ போகிறது

மேலே சொன்ன ரூட் இல்லாத பிடியை, தாளமும் பாஸும் தானே வாசிக்கும் ஸ்டைல் ஓடும் கீபோர்டில் இடது கையில் வைத்தால் வருகிற கோளாறு இது. எஃப், ஏ, பி, ஈ என்பதை ஜி13 என்று அந்த இயந்திரம் எப்படிக் கண்டுகொள்ளும்? அது கீழே உள்ள எஃப்-பை ரூட்டாக எடுத்துக்கொள்ளும், இல்லையென்றால் முந்தைய கார்டையே பிடித்துக்கொண்டு நிற்கும். இடது கையில் சாதாரண ஜி7 கொடுங்கள், ஏ-யையும் ஈ-யையும் வலது கையில் வாசியுங்கள். கீபோர்டுக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்.

அறிகுறி: 11 போட்டால் பல் கூசுகிறது

ஜி11-ஐ எழுதியபடியே வாசித்தால் கீழே பி, மேலே சி. இரண்டுக்கும் நடுவே பதின்மூன்று அரைச்சுரம். கீழே உள்ள பி வீட்டுக்குப் போக வேண்டும் என்று நச்சரிக்கிறது, மேலே உள்ள சி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. பி வந்து சேர வேண்டிய இடத்தில் முன்கூட்டியே ஆள் உட்கார்ந்திருப்பதால் இழுப்பும் போய்விடுகிறது, கூச்சம் மட்டும் மிச்சம். மைனர் கார்டில் இந்தச் சிக்கல் கிடையாது. டி மைனர்11-இல் கீழே எஃப், மேலே ஜி, முழுச்சுர இடைவெளி. அதனால் அங்கே தாராளமாகப் போடலாம்.

டாமினன்டில் தாளில் 11 என்று கண்டால் எழுதியவர் பெரும்பாலும் சஸ்தான், அதாவது 3-க்குப் பதிலாக 4 வரும் கார்டைத்தான் கேட்கிறார். பி-யை விட்டுவிடுங்கள். இடது கையில் ஜி, வலது கையில் எஃப் மேஜர் கார்டு: எஃப், ஏ, சி. இதுதான் ஜி9 சஸ்4. மெல்லிசை மேடைகளில் எஃப் ஆன் ஜி என்பார்கள். பாதி பார் இப்படி நிற்கட்டும், அடுத்த பாதியில் சி-யை மட்டும் பி-க்கு இறக்குங்கள். சின்னப் பெருமூச்சு மாதிரி இருக்கும். பாடகர் அந்த இடத்தில் சி-யை நீட்டிப் பிடிக்கிறார் என்றால் சஸ்ஸிலேயே நில்லுங்கள், அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

இன்னொரு வழி, சி-யை ஷார்ப் ஆக்குவது: ஜி7 ஷார்ப்11, அதாவது பிரதி மத்யமம். சுரங்கள் இப்போது வாசஸ்பதியுடையவை, 64ஆம் மேளம். கூச்சம் போய் ஒரு பளபளப்பு வரும். ஆனால் சி-க்கு நேராகப் போகிற ஜி7-இல் இதைப் போட நான் கொஞ்சம் யோசிப்பேன். அரைக்கட்டை கீழே இறங்கும் டாமினன்டில், உதாரணமாக டி ஃபிளாட்7-இலிருந்து சி-க்கு, அல்லது முழுச்சுரம் மேலே ஏறி பி ஃபிளாட்7-இலிருந்து சி-க்குப் போகும்போது, இது தானாகவே பொருந்தி உட்காரும். டி ஃபிளாட்7-இன் ஷார்ப் 11 எது என்று பாருங்கள்: ஜி. சி மேஜரில் ஏற்கெனவே உள்ள சுரம்தான்.

அறிகுறி: மேஜர் பாட்டில் சரி, மைனர் பாட்டில் மட்டும் புளிக்கிறது

ஏ மைனர் பாட்டு, ஈ7 வரும் இடம். 13 நன்றாக இருந்ததே என்று ஈ13 போடுகிறீர்கள். அதில் 9 எஃப் ஷார்ப், 13 சி ஷார்ப். சி ஷார்ப் என்பது ஏ மேஜரின் காந்தாரம். "ஏ மேஜர் வருகிறது, இலை போடுங்கள்" என்று காதுக்குச் சொல்லிவிட்டு ஏ மைனரைக் கொண்டுவந்து நிறுத்தினால் புளிக்காமல் என்ன செய்யும்?

இரண்டையும் அரைக்கட்டை இறக்குங்கள். ஃபிளாட் 9 எஃப், ஃபிளாட் 13 சி, இரண்டுமே ஏ மைனரில் இருப்பவை. ராகக் கணக்கில் சொன்னால், ஏ-யிலிருந்து கீரவாணி வாசிக்கும்போது அதன் பஞ்சமமான ஈ-யை ச என்று வைத்து கிரகபேதம் செய்தால் வகுளாபரணம் வரும். அதன் ரி-யும் த-வும்தான் இந்த ஃபிளாட் 9-உம் ஃபிளாட் 13-உம். இது தெரிந்தவர்களுக்கு மைனர் டாமினன்டில் எந்த சுரம் பொருந்தும் என்று அட்டவணை பார்க்க வேண்டியதே இல்லை.

ஈ7 ஃபிளாட்9-இல் ரூட்டை மட்டும் எடுத்துவிட்டால் ஜி ஷார்ப், பி, டி, எஃப் மிஞ்சும், அதாவது ஜி ஷார்ப் டிமினிஷ்7. டிமினிஷ் பிடி தெரிந்த எவரும் ஃபிளாட் 9 வாசிக்கத் தெரிந்தவரே, பெயர்தான் தெரியாது. அதே நாலு சுரத்தின் கீழே பாஸில் ஜி வைத்தால் ஜி7 ஃபிளாட்9. பி ஃபிளாட்டும் சி ஷார்ப்பும் வைத்தாலும் அந்தந்த ரூட்டின் ஃபிளாட் 9 கார்டுதான். ஒரே பிடி, நாலு வாசல்.

இதற்கு நேர் எதிரான கோளாறு அவ்வளவாக வருவதில்லை. சி மேஜருக்குப் போகும் ஜி-யில் ஃபிளாட் 9 சேர்த்தால் புளிக்காது, கண் கலங்கும். 13-ஐ அப்படியே வைத்து 9-ஐ மட்டும் ஃபிளாட் ஆக்கினால் சக்கரவாகத்தின் சாயல் வரும். மேஜருக்குப் போகிறவர் மைனரிடம் கடன் வாங்கலாம், மைனருக்குப் போகிறவருக்கு மேஜர் அவ்வளவு எளிதில் கடன் கொடுப்பதில்லை.

அறிகுறி: ஷார்ப் 9 போட்டால் மேஜரா மைனரா என்றே தெரியவில்லை

தெரியக் கூடாது, அதுதான் அந்த கார்டின் ருசி. ஈ7 ஷார்ப்9-இல் கீழே ஜி ஷார்ப், மேலே ஜி. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்துப் பிரபலமானதால் கிட்டார்காரர்கள் அவர் பெயரிலேயே அழைக்கும் கார்டு இது. சகிக்க முடியாமல் இருந்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றனவா என்று பாருங்கள். மேஜர் காந்தாரம் கீழே, ஷார்ப் 9 அதற்கு ஒரு ஸ்தாயி போல மேலே, நடுவில் 7. இந்த வரிசை மாறக் கூடாது.

அறிகுறி: 7 கார்டு ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது, எந்த ஸ்கேல் என்றே தெரியவில்லை

தாளில் ஈ7, ஏ7, டி7, ஜி7, சி. ஈ7-இல் ஜி ஷார்ப், ஏ7-இல் சி ஷார்ப், டி7-இல் எஃப் ஷார்ப். ஸ்கேல் நாலு முறை மாறுகிறதா? இல்லை. ஒவ்வொரு டாமினன்டும் அடுத்ததின் வாசலில் கொண்டுபோய் விடுகிறது, அங்கே போனால் அதுவும் இன்னொரு டாமினன்ட். இந்தச் சங்கிலிக்கும் எக்ஸ்டெண்டட் டாமினன்ட் என்றுதான் பெயர். 9, 11, 13 சேர்த்த கார்டையும் அப்படியே அழைப்பதால் இணையத்தில் தேடுகிறவர்கள் குழம்பிப் போகிறார்கள். முன்னது வழி நீள்வது, பின்னது கார்டு நீள்வது. கடைசியில் 7 இல்லாமல் எது வந்து உட்காருகிறதோ அதுதான் ஸ்கேல், இங்கே சி.

ஜார்ஜ் கெர்ஷ்வின் 1930இல் போட்ட ஒரு மெட்டின் நடுப்பகுதி முழுக்க இந்தச் சங்கிலிதான்: பி ஃபிளாட் ஸ்கேலில் டி7, ஜி7, சி7, எஃப்7, ஒவ்வொன்றும் இரண்டு பார். அந்த கார்டு வரிசையின் மேல் ஜாஸ்காரர்கள் கணக்கில்லாத புது மெட்டுகளைக் கட்டியிருக்கிறார்கள். ரிதம் சேஞ்சஸ் என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு.

சங்கிலியில் கை தாவித் தாவிப் போகிறது என்றால் கேட்க மோட்டாவாக இருக்கும். இதை முயன்று பாருங்கள். நடு சி-க்கு அடுத்த டி-யில் தொடங்கி, கீழிருந்து மேலாக:

ஈ13: டி, எஃப் ஷார்ப், ஜி ஷார்ப், சி ஷார்ப்
ஏ13: சி ஷார்ப், எஃப் ஷார்ப், ஜி, பி
டி13: சி, ஈ, எஃப் ஷார்ப், பி
ஜி13: பி, ஈ, எஃப், ஏ
சி: ஏ, டி, ஈ, ஜி

பாஸில் ஈ, ஏ, டி, ஜி, சி. அடிவிரலை மட்டும் கேளுங்கள்: டி, சி ஷார்ப், சி, பி என்று அரைக்கட்டை அரைக்கட்டையாக இறங்குகிறது. மூன்றாவது விரலும் அப்படியே: ஜி ஷார்ப், ஜி, எஃப் ஷார்ப், எஃப், ஈ. எந்த விரலும் ஒரு முழுச்சுரத்துக்கு மேல் நகரவில்லை. மேலே 13 என்று நாலு முறை மிரட்டினாலும் உள்ளே நடப்பது இவ்வளவுதான். அந்த நேரத்தில் பாடல் சி மேஜரின் சுரங்களிலேயே நின்றால், முக்கியமாக ஈ7-இன் மேல் சி வந்தால், 13-ஐ விட்டு ஃபிளாட் 13-க்கு மாறிக்கொள்ளுங்கள். பாடலில் உள்ள சுரத்துக்குத்தான் முதல் மரியாதை.

அறிகுறி: 7 வந்தும் வீடு திரும்பவில்லை

ப்ளூஸ் வாசிக்கிறீர்களா? அப்படியென்றால் கோளாறு இல்லை. அங்கே வீடே சி7-தான், பன்னிரண்டு பார் சுற்றி வந்து சி7-இலோ சி9-இலோ நிம்மதியாக முடிப்பார்கள். ஃபங்க் பாட்டில் ஒரே 9 கார்டில் நிமிஷக்கணக்கில் நிற்பதும் உண்டு. அதை யாரும் தீர்த்துவைக்கப் போக வேண்டாம்.

அறிகுறி: தனியாக வாசித்தால் சரி, குழுவோடு வாசித்தால் கூசுகிறது

ஒரு ஒத்திகையில் இதைத் தேடி அரைமணி நேரம் போனது. சி-க்குப் போகும் ஜி13, என் கையில் எஃப், ஏ, பி, ஈ, பாஸ் சுத்தம். இருந்தும் அந்த ஒரு பாரில் மட்டும் ஏதோ உரசுகிறது. ஆம்ப் சரியில்லை என்றார் ஒருவர், கீபோர்டின் டியூனிங் ஏறியிருக்கிறது என்றார் இன்னொருவர். இரண்டையும் சோதித்தாகிவிட்டது. கடைசியில் ஒவ்வொருவராகத் தனியாக வாசிக்கச் சொன்னோம். கிட்டார்காரரின் முறை வந்தது.

"அண்ணே, நீங்க ஜி-யில என்ன போடுறீங்க?"

"13-தான் தம்பி. நீ சொன்னதுதானே?"

பிடியைப் பார்த்தேன். ஆறாம் கம்பி, நாலாம் கம்பி, மூன்றாம் கம்பி எல்லாம் சரி. இரண்டாம் கம்பியில் விரல் 4ஆம் ஃபிரெட்டில் இருந்தது. அவரிடம் ஈ ஃபிளாட், என்னிடம் ஈ. ஒரே கார்டில் இரண்டு தைவதம். சொன்னதும் சிரித்துவிட்டு விரலை ஒரு ஃபிரெட் மேலே ஏற்றினார், உரசல் நின்றது. ஆனாலும் அடுத்த முறை நான் ஏ-யையும் ஈ-யையும் அவரிடமே விட்டுவிட்டு, எஃப்-பும் பி-யும் மட்டும் வாசித்தேன். அதுதான் இன்னும் நன்றாக இருந்தது.